முதல் ஒத்திகைக்கு முன் போட வேண்டிய கணக்கு

அன்பு நேயர்களே, வணக்கம்.

களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை நம் குமரி மாவட்டத்தில், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் கூடி இசை நாடகம் பழகும் சபாக்களை உங்களுக்குத் தெரியும். நடிக்கிறவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. செலவு போக மிஞ்சும் பணம் ஒரு பிள்ளையின் படிப்புக்கோ ஒரு நோயாளியின் வைத்தியத்துக்கோ போகிறது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, இப்படி ஆசைக்காக நடிப்பவர்கள் ஒன்றுகூடியதற்கு முன்னோடி. அந்த ஆசை நீடிக்க வேண்டுமென்றால் பொருளாளர் கையிலிருக்கும் நோட்டு சரியாக இருக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பெரும்பாலான சபாக்கள் நாடகம் முடிந்த பிறகுதான் கணக்குப் பார்க்கின்றன. முதல் ஒத்திகைக்கு முன்பே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மண்டபத்துக்கும் மைக் செட்டுக்கும் அச்சாரம் கொடுத்துவிட்டால், அப்புறம் நாடகத்தை நிறுத்தினாலும் நஷ்டம், நடத்தினாலும் நஷ்டம் என்று ஆகிவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், முறைதான் முக்கியம். 400 இருக்கை உள்ள மண்டபம், வாடகை 20,000 ரூபாய். ஒலி, ஒளி 28,000. ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பலவகைத் தாளக் கருவிகளை ஒருவரே வாசிப்பது), பின்பாட்டு என்று நான்கு கலைஞர்கள், ஆளுக்கு 4,000 வீதம் 16,000. நடிகர்கள் இலவசமாக நடிக்கலாம். பக்கவாத்தியக்காரருக்கு இதுதான் பிழைப்பு, அவர் பணத்தில் பேரம் கூடாது. உடைக்கும் ஒப்பனைக்கும் 15,000. சீன் வாடகையும் வண்டிக் கூலியும் 12,000. பன்னிரண்டு ஒத்திகைக்கு இடம், தேநீர், சிற்றுண்டி எல்லாம் சேர்த்து ஓர் ஒத்திகைக்கு 750 வீதம் 9,000. நோட்டீசு, டிக்கெட் அச்சு 6,000. ஆக 1,06,000. இதோடு பத்து விழுக்காடு எதிர்பாராச் செலவு, 10,600. மொத்தம் 1,16,600 ரூபாய்.

ஒத்திகைச் செலவைத்தான் எல்லாரும் எழுத மறக்கிறார்கள். சில்லறையாகப் போவதால் கண்ணில் படுவதில்லை.

இனி வரவு. 400 இருக்கையில் 50 அழைப்பாளர்களுக்கு. மீதி 350இல் முன்வரிசை 50 இருக்கை 500 ரூபாய், மற்ற 300 இருக்கை 200 ரூபாய். அரங்கு நிறைந்தால் 85,000. நிறையும் என்று எழுதுவதுதான் தவறு. அறுபது விழுக்காடு என்று எழுதுங்கள்: முப்பது டிக்கெட் 500இல், நூற்றெண்பது டிக்கெட் 200இல், ஆக 51,000. துண்டு விழுவது 65,600. அரங்கு நிறைந்தாலும் டிக்கெட் பணம் செலவை எட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த 65,600 ரூபாய், நாடகத்தை ஒட்டி அச்சிடும் மலரில் வரும் விளம்பரமாகவோ நன்கொடையாகவோ வந்திருக்க வேண்டும், அல்லது எழுத்தில் உறுதியாகியிருக்க வேண்டும். அதற்கு முன் அச்சாரம் கொடுக்கக் கூடாது. "அவர் கண்டிப்பாகத் தருவார்" என்ற பேச்சு வரவுப் பக்கத்தில் ஏறக் கூடாது.

நாள் குறிப்பதும் கணக்கில் சேர்ந்ததுதான். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் திறந்தவெளி மேடை ஆபத்து. டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் திருவிழா என்று மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் ஒரே நெருக்கடி. திருவனந்தபுரத்திலிருந்து விளக்கு வரவழைக்கிறவர்கள் ஓண வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

நோட்டீசில் என்ன அச்சிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். "வசூல் முழுவதும் உதவி நிதிக்கு" என்று போட்டால், மேலே சொன்ன 1,16,600 ரூபாயும் வேறு வழியில் வர வேண்டும். டிக்கெட் பணத்தில் ஒரு ரூபாய் தொடக் கூடாது. "செலவு போக மிச்சம் உதவி நிதிக்கு" என்றால் அது வேறு வாக்கு. கொடுக்கிறவர் எதை நம்பிக் கொடுத்தாரோ அதற்குத்தான் அந்தப் பணம். அதேபோல ஆர்மோனியம் வாங்க என்று ஒருவர் தந்த பணத்தை லைட்காரருக்குக் கொடுத்துவிட்டு "பிறகு சேர்த்துவிடலாம்" என்பது நம்பிக்கைத் துரோகம். நோட்டில் அதற்குத் தனிப் பக்கம் வேண்டும்.

டிக்கெட்டில்தான் பணம் அதிகம் ஒழுகுகிறது. வரிசை எண் அச்சிட்டு, அடிக்கட்டையோடு டிக்கெட் அடியுங்கள். அழைப்பு டிக்கெட்டுக்கு வேறு நிறம். எந்த உறுப்பினருக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்காததைத் திருப்பித் தர நாடகத்துக்கு முந்தின நாள் மாலை ஆறு மணி கடைசி. அதன்பின் கையில் இருப்பதெல்லாம் விற்றதாகவே கணக்கு. நாடகம் முடிந்த மறுநாள் "இந்த எட்டு டிக்கெட் போகவில்லை" என்று ஒருவர் நீட்டினால், அந்த எட்டு நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. நல்லவர் மேல் சந்தேகம் விழுவது இங்கேதான். விற்றது, திரும்பியது, அழைப்பு மூன்றையும் கூட்டினால் அச்சடித்த எண்ணிக்கை வர வேண்டும்.

கியூஆர் அட்டை சபாவின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்கட்டும். பொருளாளரின் சொந்த எண்ணில் பணம் வாங்கினால் அது அவருடைய வரவாகத் தெரியும், நாளைக்கு வருமான வரிக் கேள்வி அவரிடம் வரும். சங்கத்தின் பெயரில் பான் எடுத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று கணக்குத் தொடங்குங்கள்.

நாடக இரவுக்கு ஒரு விதி: வாசல் வசூலில் கை வைக்காதீர்கள். ஜெனரேட்டர் டீசலுக்கும் வண்டிக்காரருக்கும் ஒரு 10,000 ரூபாயைத் தனிப் பையில், தனி ஆளிடம் முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். அவர் வவுச்சரோடு மீதியைத் திருப்பித் தரட்டும். வாசல் பெட்டியை மூன்று பேர் சேர்ந்து எண்ணி, 500 எத்தனை, 200 எத்தனை என்று தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். அடுத்த வேலைநாளில் அந்தத் தொகை அப்படியே வங்கிக்குப் போக வேண்டும். வசூலிலிருந்தே நாலு பேருக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டினால், உண்மையான வரவும் தெரியாது, செலவும் தெரியாது. கலைஞர்களுக்கு அன்றிரவே பணம், கூடவே வவுச்சர். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் பெற்றுக்கொண்டு தரும் ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரைத் தலை ஒட்ட வேண்டும். வரிவிலக்குப் பெற்ற சங்கமாக இருந்தால் ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுக்காதீர்கள், அந்தச் செலவு கணக்கில் ஏற்கப்படாது.

மண்டபத்துக்குக் கட்டிய காப்புத்தொகை செலவு அல்ல, திரும்பி வர வேண்டிய பணம். அதைச் செலவில் எழுதிவிட்டால், கேட்டு வாங்க மறந்துபோகும்.

வரி விஷயத்தில் சில செய்திகள். நாடகத்துக்கு நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதனால்தான் எடுத்துக்காட்டில் 500இல் நிறுத்தினேன். 12ஏபி (சங்கத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) என்று நாம் அறிந்த பதிவுகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள்; 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, ஆகவே படிவம் நிரப்பும்போது தணிக்கையாளரிடம் கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்குக் கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ தரச் சொல்லுங்கள். மலரில் விளம்பரம் போட்டவருக்கு நன்கொடை ரசீது கொடுக்கக் கூடாது, அவர் பணத்துக்கு ஈடாக ஒன்றைப் பெற்றுவிட்டார். பொதுப் பயன் என்ற நோக்கத்தில் பதிவான சங்கத்துக்கு வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் விலக்குக்கே சிக்கல். டிக்கெட்டும் விளம்பரமும் எந்த வகையில் சேரும் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமைக்கும் பணம் ஒதுக்க வேண்டியிருக்கலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, அமெச்சூர் சங்கம் கட்டணம் வாங்காமல் நடித்தாலோ, சமய நிறுவனத்தின் நன்மைக்காக நடித்தாலோ அது மீறல் ஆகாது. கோயில் கொடையில் இலவசமாக ஆடும் நாடகம் இதில் வந்துவிடும். பள்ளிக்கூட நிதிக்காக டிக்கெட் விற்று நடத்தினால் வராது; தர்ம காரியம் என்பது மட்டும் போதாது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகியிருந்தால் கவலையில்லை. 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை யாரும் நடிக்கலாம். பிற்காலத்தவர் நாடகமோ பாட்டோ என்றால் உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பதிவு செய்த சினிமாப் பாட்டை இடையில் ஒலிக்கவிடுவது தனிச் சங்கதி, அதற்குத் தனி உரிமம்.

ஒவ்வொரு நாடகத்துக்கும் தனிக் கணக்கு எழுதி, பதினைந்து நாளுக்குள் முடித்து, ஒத்திகைக் கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள். போட்ட மதிப்பீடு ஒரு பத்தியில், ஆன செலவு பக்கத்துப் பத்தியில். ஒலி, ஒளி 28,000 என்று போட்டு 34,000 ஆகியிருந்தால், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்: ஒத்திகை நேரம் நீண்டு கூடுதல் வாடகை வந்ததா, கடைசி நாளில் காலர் மைக் கூட்டினோமா? அடுத்த நாடகத்துக்கு மதிப்பீடு போட உட்காரும்போது முதலில் இந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.