கமிஷனரின் முதல் வேலை தூர்வாருவதே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஹியூஸ்டன் வாழ் தமிழ் மக்களே, அனைவருக்கும் வணக்கம். நம் மாவட்டமான ஹாரிஸ் கவுண்டியில் தொகுதிவாரியாக நாம் தேர்ந்தெடுக்கும் கமிஷனர் முதலில் கவனிக்க வேண்டியவை புதிய பெருந்திட்டங்களா, அன்றாடச் சேவைகளா என்ற கேள்விக்கு, அன்றாடச் சேவைகளே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஹார்வி புயலை நினைவுபடுத்தினார். 2017 ஆகஸ்டில் இந்தக் கவுண்டியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வெள்ளம் புகுந்ததையும், சரியாக ஓராண்டு கழித்து, 2018 ஆகஸ்ட் 25 அன்று, வெள்ளத் தடுப்புப் பணிகளுக்காக 250 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் பெருவாரியாக வாக்களித்ததையும் சொல்லி, பெருந்திட்டம்தான் உயிர் காக்கும் என்றார். அந்த வாக்கெடுப்பின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால், நண்பர் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

கடன் பத்திரப் பணம் வெட்டுவதற்கும் கட்டுவதற்கும் உரியது. வெட்டிய வாய்க்காலை ஆண்டுதோறும் பராமரிக்கும் செலவு வரிப்பணத்திலிருந்துதான் வர வேண்டும். 1937இல் உருவான வெள்ளக் கட்டுப்பாட்டு அமைப்பின் பொறுப்பில் இன்று ஏறத்தாழ 2,500 மைல் நீளத்துக்கு நீர்வழிகள் இருக்கின்றன. அவற்றில் வண்டல் படிகிறது, கரை சரிகிறது, புதர் மண்டுகிறது. இவற்றுக்குப் பணம் போதாமல்தான் 2024 நவம்பரில் கவுண்டி மீண்டும் மக்களிடம் வந்து, 100 டாலர் சொத்து மதிப்புக்கு 3.1 சென்ட்டாக இருந்த வெள்ளக் கட்டுப்பாட்டு வரியை 4.897 சென்ட்டாக உயர்த்த அனுமதி கேட்டது. ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர் கூடுதலாகத் தரும் அந்தத் தீர்மானம் நிறைவேறியது உண்மை. ஆனால் 2018இல் கிடைத்த பெருவாரியான ஆதரவு அதற்குக் கிடைக்கவில்லை, சிறு வித்தியாசத்தில்தான் தப்பியது. புதிதாக ஒன்றைக் கட்டுகிறோம் என்றால் வரிந்துகட்டிக்கொண்டு ஆதரிக்க ஆள் இருக்கிறது, ஒப்பந்ததாரர் இருக்கிறார், வாஷிங்டன் நிதியும் தேடி வருகிறது. தூர்வாருவதற்காக வாதாட மக்கள் வாக்குப் பெற்றவரைத் தவிர வேறு யாரும் இல்லை. அதனால்தான் அது அவருடைய முதல் கடமை என்கிறேன்.

அடுத்து, எந்த மாநகர எல்லைக்குள்ளும் சேராத பகுதிகளைப் பாருங்கள். சைப்ரஸ் போன்ற ஊர்களில் நம்மவர் பலர் குடியிருக்கிறார்கள். ஹாரிஸ் கவுண்டியில் இப்படி வாழ்வோர் 20 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு மேயரும் கிடையாது, நகர மன்றமும் கிடையாது, கவுண்டிதான் எல்லாம். பழைய குடியிருப்பு ஒன்றில் சாலையோரப் பள்ளவாய்க்கால் தூர்ந்து, வாசல் பாதைக்கு அடியில் போகும் குழாயின் வாயில் பாதிக்கு மேல் மண் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரம் கனமழை பெய்தாலே தண்ணீர் காரேஜ் கதவு வரை ஏறி நிற்கிறது. அந்த வீட்டுக்காரர் யாரைக் கூப்பிடுவார்? உள்தெருவும் அதன் பள்ளமும் கமிஷனரின் பிரிசிங்க்ட் அலுவலகத்தின், அதாவது அவரது தொகுதி அலுவலகத்தின், பொறுப்பு. சில குடியிருப்புகளில் வடிகால் எம்.யூ.டி. என்ற நீர் வாரியத்தைச் சேர்ந்தது, பெரிய வாய்க்கால் வெள்ளக் கட்டுப்பாட்டு அமைப்புடையது, எஃப்.எம். 529 போன்ற சாலையாக இருந்தால் அது மாநிலப் போக்குவரத்துத் துறையின் கையில் இருக்கிறது. நடுவர் அவர்களே, "இது எங்களுடையது அல்ல" என்ற பதிலை நான்கு இடங்களில் வாங்கிக்கொண்டு நிற்பவருக்கு, எங்கோ வெட்டப்படும் ஏரி அளவு தேக்கக் குளத்தால் என்ன பயன்? புகாரை முதலில் எடுத்த அலுவலகமே உரிய துறையைத் தேடிப் பிடித்து, வேலை முடியும் நாள் வரை அந்த வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற விதியை ஒரு கமிஷனர் தம் அலுவலகத்தில் நாளைக்கே கொண்டுவரலாம். அதற்குக் கடன் பத்திரமும் வேண்டாம், தேர்தலும் வேண்டாம்.

திருமண உரிமம், சொத்துப் பத்திரப் பதிவு, வாகனப் பதிவு ஆகியவற்றைக் கவனிக்கும் கிளார்க்கும் வரி அதிகாரியும் தனித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அவர்கள் கவுன்டரில் கமிஷனருக்கு என்ன வேலை என்று எதிரணியினர் கேட்டார்கள். அந்தக் கவுன்டரில் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்பதற்கான பணத்தை ஒதுக்குவது நான்கு கமிஷனர்களும் கவுண்டியின் தலைவரான கவுண்டி ஜட்ஜும் அமர்ந்திருக்கும் கமிஷனர்ஸ் கோர்ட் என்ற ஆட்சி மன்றம்தான். அதுதான் அவருடைய வேலை.

புதிய திட்டமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தலைப்பு கேட்பது எது முதலில் என்பதைத்தான். அக்டோபர் 1 அன்று கவுண்டியின் நிதியாண்டு தொடங்குகிறது. அதற்கு முன் வரவுசெலவுத் திட்டம் மேசைக்கு வரும்போது, புதிய பணிகளின் பட்டியலைப் புரட்டும் முன்னர், தூர்வாரப்படாமல் கிடக்கும் வாய்க்கால்கள் எவை, முடிக்கப்படாத புகார்கள் எத்தனை என்று கேட்டு, அவற்றுக்கான பணத்தை முதலில் ஒதுக்கும் கமிஷனரே நமக்கு வேண்டும் என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.