கறாரா, தாராளமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, வணக்கம்.

'தொழிலில் ஜெயிக்க வைப்பது கறாரா, தாராளமா?' இதுதான் தலைப்பு. தாராளமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர், கொடுத்துக்கொண்டே இருந்தால் கல்லா காலியாகிவிடும், முதலில் சம்பாதி, அப்புறம் தானம் செய் என்றார். அந்த வரிசையே தப்பு என்கிறேன்.

1976ஆம் ஆண்டு. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மதுரையில் வீட்டை அடமானம் வைத்து, 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த மருத்துவமனைதான் இன்றைய அரவிந்த். லாபம் சேரட்டும், பிறகு ஏழைகளைப் பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

கிராமத்தில் முகாம் போடுகிறார்கள். கண்புரை உள்ளவரை பஸ்ஸில் அழைத்து வந்து, ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுபோய் விடுகிறார்கள். மருத்துவமனைக்கு நேரே வருகிறவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம். 'ஏமாற்றிவிடுவார்களே' என்பீர்கள். இத்தனை வருஷமாக அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது, மருத்துவமனை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

எப்படி வளர்ந்தது? அங்கே ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார் செய்துவிடுவார்கள். இந்தக் கண் முடிந்ததும் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும், டாக்டரின் ஒரு நிமிஷம்கூட வீணாகாது. இத்தனை ஏழைகளுக்கும் பார்வை கொடுத்தே தீர வேண்டும் என்ற நெருக்கடிதான் இந்த வேகத்தைக் கற்றுக் கொடுத்தது. கூட்டம் கூடக் கூட டாக்டரின் கை தேர்ந்தது, ஒரு ஆபரேஷனுக்கு ஆகும் செலவு இறங்கியது. கைராசியான இடம் என்று வசதியுள்ளவர்களும் தேடி வந்தார்கள். அவர்கள் கட்டிய பணம் இலவசப் பிரிவையும் தாங்கியது. கொடையை எடுத்துவிட்டால் இந்தத் தொழில்முறையே கிடையாது, நடுவர் அவர்களே.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்று சுமார் 100 டாலர். ஏழைக்கு இதை எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதிலாக 1992இல் பிறந்ததுதான் அரவிந்தின் சொந்த லென்ஸ் தொழிற்சாலையான ஆரோலேப். 10 டாலர் அளவில் தொடங்கி இன்னும் கீழே கொண்டுவந்தார்கள். இலவச நோயாளியை மனதில் வைத்துச் செய்த லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் விற்கிறது.

'அது அறக்கட்டளை, கம்பெனியைப் பற்றிப் பேசுங்கள்' என்று எதிரணியில் ஒருவர் குரல் கொடுக்கிறார். சரி, பேசுவோம். 1959இல் வோல்வோ கார் கம்பெனியின் இன்ஜினியர் நில்ஸ் போலின், இன்று நாம் காரில் போடும் மூன்று முனை சீட் பெல்ட்டை வடிவமைத்தார். காப்புரிமை கையில் இருந்தது. மற்ற கம்பெனிகளிடம் காசு கறந்திருக்கலாம். யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். பாதுகாப்பான கார் என்றாலே வோல்வோ பெயர் வாயில் வருகிறதே, அந்தப் பெயரை எந்த விளம்பரத்துக்குக் கொட்டிய பணமும் வாங்கித் தந்திருக்காது.

கொடுத்துக் கெட்டவர்களும் உண்டு என்றார் நண்பர். உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கெட்டது கொடுத்ததால் அல்ல, கணக்குப் பார்க்காமல் விட்டதால். கறார் வேண்டும்தான். வீணாகும் பொருளிடமும் வீணாகும் நேரத்திடமும் அதைக் காட்டுங்கள். வாசலுக்கு வந்த மனிதரிடம் காட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. தொழில் ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும் என்று எதிரணி அடித்துப் பேசியது. அரவிந்த் மதுரையில் ஒரு பயிற்சி நிலையமே நடத்துகிறது. வேறு கண் மருத்துவமனைகள் அங்கே வந்து இந்த முறை அத்தனையையும் கற்றுக்கொண்டு போகின்றன. அப்படிச் சொல்லிக் கொடுத்ததால் அரவிந்த்துக்கு நோயாளி குறைந்தாரா? அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.