கடைசி நிறுத்தத்தில் திருப்பிப் போட்ட இருக்கைகள்

எல்லோருக்கும் வணக்கம். பழைய நகரப் பேருந்துகளையும் டிராம்களையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கே தொடங்கலாம் என்று யோசித்தபோது எனக்கு முதலில் வந்தது ஒரு சத்தம்தான், மரத்தில் மரம் மோதும் சத்தம். டிராம் கடைசி நிறுத்தத்தில் வந்து நின்றதும் கண்டக்டர் ஒரு முனையில் ஆரம்பித்து, ஒவ்வொரு இருக்கையின் சாய்மானத்தையும் பிடித்து மறுபக்கம் தள்ளிக்கொண்டே வருவார். டப், டப், டப் என்று வண்டி முழுக்கக் கேட்கும். இத்தனை வருடம் கழித்தும் எங்காவது மடக்கு நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

அந்த டிராம்களுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. இரண்டு முனையிலும் டிரைவர் நிற்கும் இடம் இருக்கும். தண்டவாளத்தில் போகிற வண்டி நடுத்தெருவில் வளைந்து திரும்ப முடியாது, அதனால் வண்டி அப்படியே நிற்க, ஆட்கள்தான் இடம் மாறுவார்கள். டிரைவர் தன் முன்னால் இருக்கும் பித்தளைக் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வண்டிக்குள்ளேயே நடந்து மறுமுனைக்குப் போய் அங்கே மாட்டுவார். கண்டக்டர் கீழே இறங்கி, கூரைமேல் சாய்ந்து நிற்கும் நீளக் கழியின் கயிற்றைப் பிடித்து இழுத்து, மின்கம்பியிலிருந்து அதை விடுவித்து, வண்டியைச் சுற்றி நடந்து மறுபக்கம் கொண்டுபோய், கழியின் நுனியில் இருக்கும் சின்னச் சக்கரம் கம்பியில் சரியாக உட்காரும்வரை அண்ணாந்து பார்த்தபடியே நிற்பார். இரவில் அது உட்காரும்போது ஒரு நீலப்பொறி பறக்கும். அதுவரை இருட்டாக இருந்த வண்டிக்குள் விளக்குகள் பளிச்சென்று எரியும். உள்ளே இருக்கும் குழந்தைகள் எல்லாம் "ஓ" என்று கத்துவோம்.

இதையெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்தே தெரிந்துகொண்டேன். கழி கம்பியைத் தொட்டால் விளக்கு எரிகிறது, வண்டி ஓடுகிறது. கழி விலகினால் இரண்டும் நின்றுவிடுகிறது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: அந்த வண்டிகளில் வேலை நம் கண்முன்னால் நடந்தது. வண்டி எப்படிக் கிளம்புகிறது, யார் கிளப்புகிறார், எங்கே கஷ்டப்படுகிறது என்று உள்ளே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். நாம் அந்த வண்டிகளை இவ்வளவு ஏங்கி நினைப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டிரைவருக்குப் பின்னால் நிற்க இடம் கிடைத்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் எனக்கு. அவர் நின்றுகொண்டுதான் ஓட்டுவார். கைப்பிடியை ஒரே தள்ளாகத் தள்ள மாட்டார். க்ளிக், கொஞ்சம் பொறுத்து இன்னொரு க்ளிக், அப்படி ஒவ்வொரு படியாகப் போவார். நான் எண்ணுவேன். ஏன் அப்படி என்பது பெரியவனான பிறகுதான் புரிந்தது. நின்றிருக்கும் மோட்டாருக்கு மொத்த மின்சாரத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் தாங்காது, வண்டியும் குதிக்கும். அதனால் முதல் சில படிகளில் மின்தடைகள் வழியாகப் பாய விட்டு, வண்டியின் இரண்டு மோட்டார்களையும் மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்படி ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து மெதுவாக நகர்த்தி, வேகம் வந்ததும் இரண்டையும் பக்க இணைப்பில், அதாவது ஒவ்வொன்றுக்கும் முழு மின்னழுத்தம் கிடைக்கும்படி மாற்றுவார்கள். இதெல்லாம் டிரைவரின் முழங்கையில் இருந்தது. நல்ல டிரைவர் ஓட்டினால் நிற்கும் பாட்டியம்மா கம்பியைப் பிடிக்காமலேயே வரலாம். அவசரப்படுகிற டிரைவர் என்றால் முதல் க்ளிக்கிலேயே தெரிந்துவிடும், எல்லோரும் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வோம்.

காலுக்குக் கீழே மணி. அதை மிதித்துத்தான் அடிப்பார். மழை பெய்து தண்டவாளம் ஈரமாகிவிட்டால் இன்னொரு மிதி உண்டு, அதை அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் கொட்டும். இரும்புச் சக்கரம் ஈர இரும்பில் வழுக்கும் இல்லையா, அதற்குப் பிடிப்புக் கொடுக்கத்தான் மணல். பல வண்டிகளில் அந்த மணற்பெட்டி நாம் உட்காரும் பெஞ்சுக்கு அடியிலேயே இருந்தது. அவ்வளவு பெரிய மின்சார வண்டி ஒரு பிடி மணலை நம்பி மேடேறியது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். பஸ் என்ற சொல்லே ஒரு வால்தான், தெரியுமா? பிரான்சில் நான்ட் என்ற நகரத்தில் 1826-ல் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர் ஊருக்கு வெளியே குளியல் நிலையம் வைத்திருந்தார். வாடிக்கையாளர்களை அழைத்துப் போகக் குதிரை வண்டி விட்டார். வண்டியில் ஏறியவர்கள் குளிக்க வராமல் பாதி வழியிலேயே அவரவர் காரியத்துக்கு இறங்கிப் போக ஆரம்பித்தார்கள். வண்டியே ஒரு தொழில் என்று அவருக்குப் புரிந்தது அப்போதுதான். ஆம்னிபஸ் என்று அதற்குப் பெயர். இலத்தீனில் 'எல்லோருக்கும்' என்று பொருள். அந்தச் சொல்லின் வேற்றுமை உருபை மட்டும் வைத்துக்கொண்டு, பொருள் இருந்த முன்பாதியை உலகம் விட்டுவிட்டது. 1829-ல் ஜார்ஜ் ஷில்லிபியர் லண்டனுக்கு அதைக் கொண்டுவந்தார். காசு கொடுத்தால் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை.

என் நினைவில் இருக்கும் பஸ்ஸில் இன்ஜின் உள்ளேயே, டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பெட்டிபோல இருக்கும். மேலே ஒரு தடித்த மெத்தை போர்த்தியிருப்பார்கள். குளிர்காலத்தில் அதை ஒட்டிய இருக்கைக்குப் போட்டி, வெயில் காலத்தில் அங்கே யாரும் போக மாட்டார்கள். கியர்க் கம்பி பஸ் நிற்கும்போதுகூட நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கியர்கள் தாமாகப் பொருந்திக்கொள்ளும் ரகமில்லை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விட்டு, கீழ்க்கியர் என்றால் ஆக்சிலரேட்டரை ஓர் உறுமல் உறுமவிட்டு, மறுபடி கிளட்சை மிதித்து, அப்புறம்தான் கியர் விழும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும், ஒவ்வொரு சிக்னலுக்கும், நாள் முழுக்க இதைச் செய்தார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டிரைவர் இருக்கையை விட்டுப் பாதி எழுந்துவிடுவார். அவருடைய தோள்வலி எவ்வளவு இருந்திருக்கும் என்று அந்த வயதில் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

கண்டக்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கையில் ஒரு மரச்சட்டம், அதில் நிறம் நிறமாகக் கட்டணத்துக்கு ஏற்ற டிக்கெட்டுகள், இடுப்பில் துளையிடும் கருவி. நாம் இறங்க வேண்டிய இடத்தின் எண்ணுக்கு நேராக டிக்கெட்டைச் செருகி அழுத்தினால் ஒரு துளை விழும், கூடவே 'டிங்' என்று மணி அடிக்கும். அந்த மணி அலங்காரத்துக்கு இல்லை. மணி கேட்டால்தான் டிக்கெட் முறையாகக் கிழிக்கப்பட்டது என்று பயணிக்கும் தெரியும், பரிசோதகருக்கும் தெரியும். வெட்டிய வட்டத் துண்டுகள் கருவியின் வயிற்றுக்குள்ளேயே விழும். கணக்கில் சந்தேகம் வந்தால் அந்தக் குட்டித் துண்டுகளை எண்ணிப் பார்ப்பார்களாம். கூரையோரம் ஓடும் கயிற்றை ஒருமுறை இழுத்தால் நில், இருமுறை இழுத்தால் போ. கூட்டம் நெருக்கும்போது கண்டக்டரின் கை எட்டாவிட்டால் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் யாரிடமாவது "ரெண்டு கொடுங்க" என்பார். எனக்கு ஒரே ஒருமுறை அந்த வாய்ப்புக் கிடைத்தது. நான் இழுத்தேன், அவ்வளவு பெரிய வண்டி கிளம்பியது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

இதைச் சொல்லும்போதே அம்மாவின் முழங்கால் நினைவுக்கு வருகிறது. அந்தப் பஸ்களின் முதல் படி மிக உயரம். கடைசி வருடங்களில் அம்மாவால் ஏற முடியவில்லை. பின்னாலிருந்து யாராவது தாங்க வேண்டும், முன்னாலிருந்து கண்டக்டர் கை கொடுக்க வேண்டும். பின்பக்கம் கதவே இல்லாத பஸ்களில் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வதை இன்று பலரும் பெருமையாகச் சொல்கிறார்கள். விழுந்தவர்களும் இருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வண்டிகளில் இடமே இருந்ததில்லை. லண்டனின் ரூட்மாஸ்டர் பஸ் 1956-ல் ஓட ஆரம்பித்து, வழக்கமான சேவையிலிருந்து 2005 டிசம்பரில் விடைபெற்றது, கடைசியாக ஓடியது 159-ஆம் எண் தடத்தில். பின்பக்கம் திறந்த அந்த வண்டியை எல்லோராலும் ஏறக்கூடிய வண்டியாக மாற்ற முடியாது என்பது அது போனதற்கு ஒரு முக்கியக் காரணம். அதை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன். 'எல்லோருக்கும்' என்று பெயர் வைத்த வண்டியில் என் அம்மாவும் ஏற முடிய வேண்டும்.

டிராம்கள் போன கதை வேறு. மின்சார டிராமை 1881-ல் பெர்லினை அடுத்த லிஷ்டர்ஃபெல்டாவில் வெர்னர் ஃபான் சீமென்ஸ் ஓட்டிக் காட்டினார். 1888-ல் அமெரிக்காவின் ரிச்மண்டில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் ஒரு நகரம் முழுக்க ஓடும் அளவுக்கு அதை வளர்த்தார். ஏழே வருடத்தில், 1895-ல், சென்னைக்கு மின்டிராம் வந்துவிட்டது. லண்டன் தெருக்களில் அது ஓடத் தொடங்கும் முன்பே. அப்புறம் ஒரு காலம் வந்தது, வரிசையாகக் கழற்றினார்கள். தெருவின் நடுவில் தண்டவாளம் கார்களுக்கு இடைஞ்சல் என்றார்கள். தேய்ந்த தண்டவாளத்தை மாற்றுவதைவிட பஸ் வாங்குவது மலிவு என்றார்கள். லண்டன் 1952, சென்னை 1953, நான்ட் 1958, மும்பை 1964. லண்டனின் கடைசி டிராம் ஜூலை மாத இரவில் நியூ கிராஸ் பணிமனைக்குப் போனபோது வழியெல்லாம் ஜனம் நின்றது. சக்கரம் ஏறி நசுங்கட்டும் என்று தண்டவாளத்தில் காசு வைத்து, அதை எடுத்து வீட்டில் பத்திரப்படுத்தினார்கள். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரத்தின் 45-ஆம் எண் டிராமை 1948-ல் சில ஆர்வலர்கள் சேர்ந்து 10 பவுண்டுக்கு வாங்கினார்கள். எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் வாங்கிய அந்த ஒரு வண்டியிலிருந்துதான் பின்னாளில் கிரிச் என்ற இடத்தில் டிராம் அருங்காட்சியகமே உருவானது. யாரோ சிலர் மனம் பொறுக்காமல் செய்த காரியம் அது. அவர்களை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

பஸ் தடம் மாறினால் சுவடே இருக்காது, டிராம் அப்படியில்லை. பல ஊர்களில் தண்டவாளத்தைப் பெயர்க்காமல் மேலே தார் ஊற்றி மூடிவிட்டார்கள். குழாய் போடத் தெருவைத் தோண்டும்போது துருப்பிடித்து அது வெளியே தெரியும். பெரியவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஹாங்காங்கில் 1904-லிருந்து டிராம் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு மாடி வண்டிகள். அங்கே அதன் செல்லப்பெயரே 'டிங் டிங்'. மிலானில் 1928-ஆம் ஆண்டு வடிவமைப்பு வண்டிகள் இன்னும் அன்றாட வேலை பார்க்கின்றன. பயணம் போகிறவர்கள் யாராவது இருந்தால் ஜன்னல் இருக்கையை விட்டுவிட்டு டிரைவர் தெரிகிற இடத்தில் போய் நில்லுங்கள். ஆம்னிபஸ் பிறந்த அதே நான்ட் நகரம், டிராமைத் தூக்கிப்போட்ட 27 வருடத்துக்குள் 1985-ல் மறுபடி தண்டவாளம் போட்டுப் புது டிராம் விட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ நகரங்கள் அந்த வழியில் வந்துவிட்டன. தாழ்வான தளம், அகலக் கதவு, சத்தமே இல்லாத ஓட்டம். அம்மா இருந்திருந்தால் யார் கையையும் பிடிக்காமல் ஏறியிருப்பார். ஒரே குறை, டிரைவர் மூடிய அறைக்குள் இருக்கிறார், அவர் கை என்ன செய்கிறது என்று வெளியே தெரிவதில்லை. டிரைவரே இல்லாத மெட்ரோ ரயில்களில் பாருங்கள், முதல் பெட்டியின் முன்கண்ணாடியில் எப்போதும் ஒரு குழந்தை மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் குழந்தைக்கு அந்த இடத்தை விட்டுக் கொடுங்கள், தயவுசெய்து.

நான் ஒரு டிக்கெட் கொண்டுவந்திருக்கிறேன். புத்தகத்துக்குள் கிடந்து நிறம் போய்விட்டது, துளை மட்டும் அப்படியே இருக்கிறது. கூட்ட நேரத்தில் பஸ்ஸின் பின்னால் நிற்பவர் காசு கொடுத்தால் முகம் தெரியாத பத்துப் பேர் கை மாறி அது கண்டக்டரிடம் போகும், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே பத்துக் கை வழியாகத் திரும்பி வரும், ஒரு நாளும் குறைந்து நான் பார்த்ததில்லை. முன்வரிசையில் இருக்கும் அந்தப் பெண்மணியிடம் இதைக் கொடுக்கிறேன். அப்படியே கை மாற்றிக் கடைசி வரிசைவரை அனுப்புங்கள், பார்த்துவிட்டு இங்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.