சொன்னா என்ன ஆகும்னு உங்க டீமுக்கு ஏற்கனவே தெரியும்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு கொஞ்சம் நீளமாவே பேசப் போறேன், ஏன்னா போன வீடியோவுக்குக் கீழ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஆளாளுக்கு வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க. டீம் லீடா இருக்கேன், மேனேஜரா இருக்கேன், சின்னதா ஒரு கம்பெனி நடத்துறேன், ஆளுங்க டைமுக்கு வர்றாங்க, குடுத்ததை முடிக்கிறாங்க, ஆனா கடனேன்னு வேலை பாக்குற மாதிரியே இருக்கு, மீட்டிங்ல யாரும் வாயத் தொறக்கறதில்ல, நல்லா வேலை பாத்துட்டு இருந்த ஒருத்தர் திடீர்னு பேப்பர் போட்டுடறாரு, எந்த மாதிரி ஆக்டிவிட்டி நடத்துனா இவங்களுக்கு ஒரு ஈடுபாடு வரும்னு கேக்கறீங்க.

ஆக்டிவிட்டியில ஆரம்பிக்காதீங்க, அதான் என் பதில். டீம் அவுட்டிங், கேம்ஸ், பர்த்டே கொண்டாட்டம், இதெல்லாம் நடக்கட்டும், நல்லதுதான். ஆனா ஒருத்தர் வேலையில மனசு வச்சு இருக்காரா இல்லையாங்கறது அங்க முடிவாகறதே இல்ல. அது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் உங்க கிட்ட வந்து "சார் இது சரியா வரும்னு எனக்குத் தோணல" அப்டின்னு சொல்லும்போது உங்க மூஞ்சி எப்படிப் போகுது, அங்க முடிவாகுது. இன்னைக்கு வீடியோ முழுக்க இதைத்தான் சொல்லப் போறேன், சொன்னதுக்கு அப்புறம் என்ன நடக்குது, அவ்ளோதான் மேட்டர்.

இந்த எம்ப்ளாயீ என்கேஜ்மென்ட், அதாவது வேலைல இருக்கற ஈடுபாடுங்கற பேச்சுக்கு ஒரு ஆரம்பம் இருக்கு. 1990-ல வில்லியம் கான்னு ஒரு ஆராய்ச்சியாளர், ஒரு சம்மர் கேம்ப்ல வேலை பாத்தவங்களையும் ஒரு ஆர்க்கிடெக்சர் கம்பெனில வேலை பாத்தவங்களையும் கூடவே இருந்து கவனிச்சு எழுதினாரு. ஒரு மனுஷன் தன்னை முழுசா வேலைக்குள்ள குடுக்கணும்னா மூணு விஷயம் வேணும்னு அவர் சொன்னாரு. இந்த வேலைக்கு அர்த்தம் இருக்குன்னு தெரியணும், இங்க நான் நானா இருந்தா எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கற தைரியம் இருக்கணும், அப்புறம் அதுக்குத் தேவையான தெம்பு உடம்புலயும் மனசுலயும் மிச்சம் இருக்கணும். பாருங்க, இதுல எதையுமே வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஹாலை புக் பண்ணி வரவழைக்க முடியாது. கேலப்னு ஒரு கருத்துக்கணிப்பு கம்பெனி உலகம் முழுக்க கணக்கெடுக்குது இல்லையா, அதுல 2024-ல வேலையில உண்மையான ஈடுபாட்டோட இருக்கறவங்க 21 சதவீதம்தான்னு வந்துச்சு. அஞ்சுல ஒருத்தர். அதனால உங்க டீம் மட்டும்தான் இப்படின்னு நெனச்சு உடைஞ்சு போகாதீங்க, ஆனா இப்படித்தான் இருக்கும்னு விட்டுடவும் செய்யாதீங்க.

ஏன் விடக்கூடாதுன்னு சொல்றேன். "நீங்க சொல்றதெல்லாம் சரி, எங்க கிட்ட இருக்கற ஆளுங்க அந்த ரகம் இல்லைங்க" அப்டின்னு நெறைய பேர் சொல்றாங்க, எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற ஒரே வார்த்தை இதுதான். கலிஃபோர்னியாவுல ஃப்ரீமான்ட்னு ஒரு ஊர்ல ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஃபேக்டரி ஒண்ணு இருந்துச்சு. அந்தக் கம்பெனியோட ஃபேக்டரிகள்லயே ரொம்ப மோசமான பேரு வாங்குனது அது. ஒரு நாளைக்கு அஞ்சுல ஒருத்தர் வேலைக்கே வரமாட்டாங்க, நிர்வாகத்துக்கும் தொழிலாளிகளுக்கும் எப்பவும் சண்டை. 1982-ல இழுத்து மூடிட்டாங்க. 1984-ல டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே இடத்தை நும்மின்னு பேரு வச்சு திரும்பத் தொறந்தாங்க, வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் அதே பழைய ஆளுங்க, யூனியனும் அதே யூனியன். கொஞ்ச காலத்துலயே வேலைக்கு வராம இருக்கறது 2 சதவீதம் கிட்ட வந்துடுச்சு, காரோட தரமும் நல்லா ஏறிடுச்சு. அதே மனுஷங்கதான்.

என்ன மாத்துனாங்கன்னா, நெறைய மாத்துனாங்க, அதுல எனக்கு ரொம்பப் புடிச்சது அந்தக் கயிறு. டொயோட்டால ஆண்டான்னு சொல்லுவாங்க, அசெம்ப்ளி லைன் பக்கத்துல ஒரு கயிறு தொங்கும், வேலை பாக்கற யாரு வேணும்னாலும் ஏதாவது தப்பா தெரிஞ்சா இழுக்கலாம். இழுத்த உடனே டீம் லீடர் ஓடி வரணும். எதுக்கு வராருன்னா, திட்டறதுக்கு இல்ல, "என்ன ஆச்சு, எப்படி உதவி பண்ணலாம்"னு கேக்க. கொஞ்ச நேரத்துக்குள்ள சரியாகலன்னா லைனே நின்னுடும். முன்னாடி அதே ஃபேக்டரில எது வேணா நடக்கட்டும், லைனை மட்டும் நிறுத்தக்கூடாது, தப்பா போற காரு அப்படியே போகட்டும், கடைசில பாத்துக்கலாம். யோசிச்சுப் பாருங்க, வருஷக்கணக்கா தப்பைப் பாத்தும் பாக்காத மாதிரி நின்ன ஒருத்தர் கையில, "உன் கண்ணுல பட்டா நீ நிறுத்து, நாங்க வருவோம்"னு குடுக்கறாங்க. எந்தப் போஸ்டரும் எந்த ஸ்லோகனும் அதைச் செய்ய முடியாது.

ஒரு விஷயத்தை இங்க கவனிங்க, கயிறு கட்டுனது பெருசில்ல. இழுத்த பிறகு ஆள் வந்தாங்க பாருங்க, அதுதான். நம்ம ஆஃபீஸ்லயும் கயிறு நெறைய இருக்கு, "என் கதவு எப்பவும் தொறந்திருக்கும்", "எந்த பிரச்சனையா இருந்தாலும் மெயில் போடுங்க", சஜஷன் பாக்ஸ், சர்வே. இழுத்தா யாராவது வர்றாங்களா?

இதுக்கு ஒத்து வர்ற இன்னொரு ஆராய்ச்சி இருக்கு, ஏமி எட்மண்ட்சன்னு ஹார்வர்டுல இருக்கறவங்க, தொண்ணூறுகள்ல ஆஸ்பத்திரி டீம்ல மருந்து குடுக்கறதுல நடக்கற தப்புகளை ஆராய்ச்சி பண்ணாங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னுதான் அவங்க எதிர்பாத்தாங்க, யாரா இருந்தாலும் அப்படித்தான எதிர்பாப்போம். ஆனா கணக்கு தலைகீழா வந்துச்சு, நல்ல தலைமை இருக்கற, ஒத்துமையா இருக்கற டீம்லதான் தப்பு அதிகமா பதிவாகி இருந்துச்சு. அப்புறம் தோண்டிப் பாத்தப்போதான் புரிஞ்சுது, அந்த டீம்ல தப்பை வெளிய சொல்றாங்க, மத்த டீம்ல மறைக்கறாங்க. 1999-ல அவங்க இதையே இன்னும் விரிவா எழுதினாங்க, சைக்கலாஜிக்கல் சேஃப்டி, அதாவது வாயத் தொறந்து சொன்னா நமக்கு ஒண்ணும் ஆகாதுங்கற தைரியம்னு இப்ப எல்லா எச்ஆர் ட்ரெய்னிங்லயும் பேசறது அதுதான். பின்னாடி கூகுள் தன்னோட டீமுங்கள்ல எது நல்லா ஓடுது ஏன் ஓடுதுன்னு பாத்தப்பவும் முதல்ல வந்து நின்னது இதே விஷயம்தான். ஆக, உங்க டீம்லேருந்து கெட்ட செய்தியே வரலைன்னா சந்தோஷப்படாதீங்க, ஒரு தடவை உக்காந்து யோசிங்க.

சரி, என்ன செய்யணும்? முதல்ல அந்தச் சில செகண்டைப் புடிங்க. ஒருத்தர் வந்து தப்பு நடந்துடுச்சுன்னு சொல்றாரு, நம்ம வாய்ல முதல்ல வர்றது "ஏன் முன்னாடியே சொல்லல" தான். அந்த ஒரு வரி போதும், அடுத்த தடவை முன்னாடியும் சொல்லமாட்டாரு, பின்னாடியும் சொல்லமாட்டாரு. அதுக்கு பதிலா "சொன்னது நல்லதாப் போச்சு, இப்ப எவ்ளோ தூரம் போயிருக்கு, யார் யார் வேணும்"னு கேளுங்க. ஏன் நடந்துச்சுங்கறதை சரி பண்ண பிறகு பேசிக்கலாம், கட்டாயம் பேசணும், விட்டுடச் சொல்லல. பயம் இல்லாத இடம்னா கேள்வி கேக்காத இடம்னு சில பேர் புரிஞ்சு வச்சிருக்காங்க, அது ரொம்பத் தப்பு. வேலை சரியா இல்லன்னா சரியா இல்லன்னு சொல்லத்தான் வேணும், ஆளைச் சின்னதாக்காம சொல்லணும், எல்லார் முன்னாடியும் சொல்லாம தனியா சொல்லணும்.

அடுத்தது சர்வே. வருஷா வருஷம் எம்ப்ளாயீ சர்வே எடுக்கறாங்க, எல்லாரையும் ஃபில் பண்ணச் சொல்லி நாலு தடவை ரிமைண்டர் வேற வரும், அதுக்கப்புறம் கிணத்துல போட்ட கல்லு மாதிரி ஒரு சத்தமும் இருக்காது. நான் வேலை பாத்த ஒரு கம்பெனில இது வருஷா வருஷம் நடந்துச்சு, கடைசில எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் நடு ஆப்ஷனை டிக் பண்ணிட்டுப் போயிடுவாங்க, அதைப் பாத்து மேல இருக்கறவங்க "பரவால்ல, சுமாரா திருப்தியா இருக்காங்க"ன்னு ரிப்போர்ட் போட்டாங்க. நான் தீர்மானமா சொல்றேன், நடவடிக்கை எடுக்க மனசில்லைன்னா சர்வேயே எடுக்காதீங்க. கேட்டுட்டு ஒண்ணும் பண்ணாம இருக்கறது கேக்காம இருக்கறதை விட மோசம். எடுத்தீங்கன்னா ரிசல்ட்டை எல்லாருக்கும் காட்டுங்க, இதுல இதை இந்த மாசம் பண்றோம், இதை இப்போதைக்கு பண்ண முடியாது, காரணம் இதுன்னு நேரா சொல்லுங்க. முடியாதுங்கற பதிலைக் கூட ஜனங்க ஏத்துப்பாங்க, பதிலே இல்லாததைத்தான் ஏத்துக்க மாட்டாங்க.

எப்படிக் கேக்கணும்ங்கறதுக்கு ரொம்பப் பழைய ஒரு பாடம் இருக்கு. சிகாகோ பக்கத்துல ஹாதார்ன்ல வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஃபேக்டரி, லைட்டைக் கூட்டிக் கொறைச்சா வேலை எப்படி மாறுதுன்னு ஆராய்ச்சி பண்ணாங்களே, அந்த இடம்தான். லைட்டு கதை எல்லாருக்கும் தெரியும், பின்னாடி வந்தவங்க அந்தக் கணக்கையே கேள்வி கேட்டாங்க, அதனால அதை விடுங்க. அதே ஃபேக்டரில 1928-லேருந்து ஒரு ரெண்டு மூணு வருஷம் 20,000 பேருக்கும் மேல தனித்தனியா உக்கார வச்சுப் பேசினாங்க, அதை யாரும் அவ்வளவா சொல்றதில்ல. ஆரம்பத்துல எழுதி வச்ச கேள்வியைக் கேட்டாங்க, மேலாளர் எப்படி, வேலை எப்படின்னு. ஆளுங்க கேள்விக்கு சம்பந்தமே இல்லாம வேற ஏதேதோ பேசினாங்க, அவங்க மனசுல எது ஓடுதோ அதை. அப்புறம் கேள்வியைத் தூக்கிப் போட்டுட்டு, அவங்க பேசட்டும் நாம கேப்போம்னு முறையையே மாத்திட்டாங்க.

ஒன் ஆன் ஒன் மீட்டிங், அதாவது நீங்களும் உங்க டீம்ல ஒருத்தரும் மட்டும் உக்காந்து பேசறதும் அப்படித்தான் இருக்கணும்னு நான் நினைக்கறேன். நெறைய இடத்துல அது ஸ்டேட்டஸ் மீட்டிங்கா ஆயிடுச்சு, இது முடிஞ்சுதா அது முடிஞ்சுதான்னு. ஸ்டேட்டஸை மெசேஜ்ல கேட்டுக்கோங்க. அந்த அரை மணி நேரம் அவங்களோடது, "இந்த வாரம் எது உங்களை முன்னாடி போக விடாம இழுத்துப் புடிச்சுச்சு"ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு அமைதியா இருங்க, அந்த அமைதி உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், இருந்தாலும் நீங்க பேசி நிரப்பாதீங்க. தயவு செஞ்சு அதை கேன்சல் மட்டும் பண்ணாதீங்க, வேலை அதிகம்னு முதல்ல தள்ளிப் போடறது இதைத்தான், அதுலேருந்து அவங்க என்ன புரிஞ்சுக்குவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

எதுக்கு இழுத்துப் புடிச்சதைக் கேக்கச் சொல்றேன்னா, டெரேசா அமாபைல், ஸ்டீவன் க்ரேமர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 7 கம்பெனில 238 பேர் கிட்ட தினமும் டைரி எழுதி வாங்கி, கிட்டத்தட்ட 12,000 நாள் குறிப்பைப் படிச்சாங்க. ஒருத்தருக்கு அந்த நாள் நல்ல நாளா போச்சுன்னா அதுல முதல் காரணம் அர்த்தமுள்ள வேலைல ஒரு அடியாவது முன்னாடி போயிருக்கறது. பின்னடைவு வந்தா அதோட வலி முன்னேற்றத்தோட சந்தோஷத்தை விடப் பெருசு. அப்போ மேனேஜரோட முக்கியமான வேலை வழில கெடக்கற முள்ளை எடுக்கறது. வாரக்கணக்கா தொங்கற அப்ரூவல், ஆக்ஸஸ் வராம நிக்கற சிஸ்டம், காலையில ஒரு மாதிரி சாயங்காலம் ஒரு மாதிரி மாறுற முடிவு, இதுல ஒண்ணை நீங்க இந்த வாரம் முடிச்சுக் குடுத்தீங்கன்னா அது பத்து பாராட்டு மெயிலுக்கு சமம்.

பாராட்டைப் பத்தி சீக்கிரம் சொல்லிடறேன். "குட் ஜாப்"னு சொல்றது யாருக்கும் ஒட்டாது. எதைச் செஞ்சாரு, அதனால யாருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. ஆடம் கிராண்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2007-ல எழுதுன ஒரு சோதனை இருக்கு, ஒரு யுனிவர்சிட்டிக்கு ஃபோன்ல நன்கொடை திரட்டறவங்க, அந்தப் பணத்துல படிக்கற ஒரு மாணவரை அஞ்சு நிமிஷம் நேர்ல பாத்தாங்க. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா ஃபோன்ல இருந்த நேரம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறி இருந்துச்சு, திரட்டுன பணம் அதை விட. சம்பளம் ஒரு பைசா ஏத்தல. இதைச் சொன்ன உடனே சம்பளம் ஏத்தாம ஓட்டிடலாம்னு யாராவது கணக்குப் போட்டா நான் சொன்னது வீணாப் போச்சு. சம்பளம் நியாயமா இல்லைன்னா, வேலை நேரம் முடிஞ்சு ராத்திரி வரைக்கும் மெசேஜ் வந்துட்டே இருந்தா, மேல சொன்னது எதுவும் நிக்காது. 2019-ல உலக சுகாதார நிறுவனம் பர்ன் அவுட்டை, அதாவது வேலையால ஆளே ஓஞ்சு போறதை எப்படி எழுதுச்சுன்னா, சரியா கையாளப்படாத, தொடர்ந்து இருக்கற வேலை இடத்து மன அழுத்தத்தோட விளைவுன்னு. அதாவது பிரச்சனை வேலை இடத்துல, அதை மெடிடேஷன் ஆப் வாங்கிக் குடுத்து ஆளோட தலைல கட்டக்கூடாது.

கடைசியா ஒண்ணு, நெறைய பேர் தனியா மெசேஜ்ல கேட்டது. டீம்லயே பெஸ்ட் ஆளு, டார்கெட் எல்லாம் அவர்தான் முடிக்கறாரு, ஆனா எல்லாரையும் மட்டம் தட்டறாரு, ஜூனியருங்க அவர் கிட்ட சந்தேகம் கேக்கவே பயப்படறாங்க, என்ன பண்ண? அவர் தர்ற ரிசல்ட் உங்க கண்ணுக்குத் தெரியுது, அவரால வாய மூடிக்கிட்ட நாலு பேர் தராமப் போனது எந்த ரிப்போர்ட்லயும் தெரியாது. அவரைத் தனியா கூப்பிட்டு, எந்த நாள், எந்த மீட்டிங், என்ன வார்த்தைன்னு குறிப்பா சொல்லுங்க, பொதுவா "ஆட்டிட்யூட் சரியில்ல"ன்னு சொன்னா எதிர்வாதம்தான் வரும். என்ன மாறணும், எப்போ திரும்பப் பேசப் போறோம்னு தேதியோட சொல்லுங்க. பல பேர் மாறிடுவாங்க, அவங்க கிட்ட இது வரைக்கும் யாருமே சொன்னதில்ல, அதான் காரணம். சொல்லியும் மாறலன்னா ப்ரமோஷன் குடுக்காதீங்க, அவருக்குக் கீழ ஆளைப் போடாதீங்க, அதுக்கும் மேல போனா அனுப்பி வைங்க, ரிசல்ட் விழுந்தாலும் பரவால்ல. டீம் முழுக்க நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னுதான் பாத்துட்டு இருக்கும்.

அடுத்த வீடியோ வீட்லேருந்து வேலை பாக்கற டீமுங்களைப் பத்தி, ஸ்க்ரீன்ல மூஞ்சியே தெரியாதப்போ இதெல்லாம் எப்படிப் பண்றதுன்னு. உங்க டீம்ல நடந்தது ஏதாவது இருந்தா கம்பெனி பேரு, ஆள் பேரு போடாம கீழ எழுதுங்க, படிச்சுட்டு பதில் போடறேன்.