விமானப்படை விமானி ஆவதற்கு முன் கண்ணில் லேசர் சிகிச்சை: எது சரியாகும், எது ஆகாது?

[திரையில்: கண்ணின் குறுக்குவெட்டுப் படம்]

வணக்கம். இந்திய விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு ஒரு கண்ணில் 6/6, மற்றொரு கண்ணில் 6/9 பார்வை வேண்டும். தூரப்பார்வை, அதாவது பிளஸ் பவர், +2 டயாப்டர் (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகு) வரை இருந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள். கிட்டப்பார்வை இருந்தாலோ, அது எவ்வளவு குறைவாக இருந்தாலும், இடம் இல்லை. ஆகவே, மைனஸ் பவர் கண்ணாடி அணியும் இளைஞர்கள் பலர், லேசர் செய்துகொண்டு பிறகு விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறார்கள். சில நிபந்தனைகளோடு விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் லேசர் சரிசெய்வது கண்ணின் முன்புறத்தில் உள்ள கருவிழிப் படலத்தை (கார்னியா) மட்டும்தான். மருத்துவ வாரியமோ கண் முழுவதையும் அளந்து பார்க்கிறது. சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பார்வை தெளிவாக இருந்தும் சிலர் தகுதியற்றவர்கள் ஆவதற்கு இதுவே காரணம்.

முதலில் வயதுக் கணக்கைப் பார்ப்போம். 20 வயது நிறைவதற்கு முன் செய்த லேசர் சிகிச்சையை விமானப்படை ஏற்பதில்லை. செய்த பிறகும் சிக்கல் ஏதுமின்றிக் குறைந்தது 12 மாதங்கள் கடந்திருக்க வேண்டும். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) சேரும் வயதோ ஏறக்குறைய பதினாறரை முதல் பத்தொன்பதரை வரைதான். ஆக, பிளஸ் டூ முடித்தவுடன் லேசர் செய்துகொண்டு என்.டி.ஏ. வழியாக விமானியாகும் பாதையைக் காலண்டரே அடைத்துவிடுகிறது. எஞ்சுவது பட்டப்படிப்புக்குப் பின் வரும் ஆஃப்கேட் (விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு) போன்ற வழிகள். ஆஃப்கேட்டில் பறக்கும் பிரிவுக்கான வயது 20 முதல் 24 வரை; வணிக விமானி உரிமம் உள்ளவர்களுக்கு 26 வரை. இருபது வயது நிறைந்த மறுநாளே சிகிச்சை செய்துகொண்டாலும் மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது இருபத்தொன்று ஆகியிருக்கும். கையில் இருப்பது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலம்.

இந்த வயது வரம்பு வெறும் நிர்வாக விதி அன்று. பதின்ம வயதின் கடைசியிலும் பலருக்குக் கிட்டப்பார்வை கூடிக்கொண்டே இருக்கும். அந்த வயதில் திருத்தம் செய்தாலும் கிட்டப்பார்வை மீண்டும் தலைகாட்டக்கூடும்.

[திரையில்: பின்னோக்கி நீண்ட கண், இயல்பான கண், இரண்டும் அருகருகே]

அடுத்த நிபந்தனையைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். கருவிழிப் படலத்தின் முன்பரப்பிலிருந்து விழித்திரை வரையிலான கண்ணின் நீளம் 25.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இயல்பான கண் ஏறக்குறைய இருபத்து மூன்றரை மில்லிமீட்டர் இருக்கும். கிட்டப்பார்வை உள்ள கண் பெரும்பாலும் அதைவிட நீண்டிருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் சுமார் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை பவர் ஏறும் என்பது தோராயக் கணக்கு. லேசர் கருவிழியைத் தட்டையாக்கிப் பவரைப் பூஜ்யமாக்குமே தவிர, கண்ணின் நீளத்தில் ஒரு துளியும் குறைக்காது. நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அதன் ஓரங்களில் சிதைவும் கிழிசலும் ஏற்படும் வாய்ப்பு, கண்ணாடியைக் கழற்றிய பிறகும் அப்படியே இருக்கும். வாரியம் அஞ்சுவது இதற்குத்தான். சிகிச்சைக்கு முன் பவர் 6 டயாப்டருக்கு மேல் இருந்தவர்களை அடியோடு விலக்குவதும் இதையொட்டியதே. ஆறுக்குக் கீழே இருப்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது: கருவிழி இயல்பைவிடத் தட்டையாக அமைந்த ஒருவருக்கு நான்கரை டயாப்டரிலேயே கண்ணின் நீளம் வரம்பைக் கடந்திருக்கலாம். கண்ணைத் தொடாமல் ஒளியால் இந்த நீளத்தை அளக்கும் கருவி பெரிய கண் மருத்துவமனைகளில் உண்டு. சில நிமிட வேலைதான். லேசருக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது அளவு கருவிழியின் தடிமன். சிகிச்சைக்குப் பின் அது 450 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறையக் கூடாது. சராசரித் தடிமன் சுமார் 540 மைக்ரான். ஆறு மில்லிமீட்டர் அகலப் பகுதியைத் திருத்தும்போது ஒரு டயாப்டருக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் திசு ஆவியாகும்; அகலம் கூடினால் இதுவும் கூடும். பிறவியிலேயே 500 மைக்ரான் உள்ள ஒருவருக்கு ஐந்து டயாப்டரைத் திருத்தினால் அறுபது போக 440தான் மிஞ்சும். மருத்துவமனைக் கணக்கில் இது வெற்றியாகவே எழுதப்படலாம். வாரியத்தின் கணக்கில் தேறாது.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது? லாசிக், பி.ஆர்.கே. ஆகிய இரண்டும் விதியில் பெயர் சொல்லி அனுமதிக்கப்பட்டவை. லாசிக்கில் கருவிழியின் மேற்பகுதியை மெல்லிய மடலாக வெட்டித் திறந்து, அடியில் லேசரைச் செலுத்தி, மடலை மீண்டும் மூடுகிறார்கள். மறுநாளே பார்வை தெளியும். ஆனால் அந்த மடல் முன்பிருந்த உறுதியோடு ஒருபோதும் ஒட்டுவதில்லை, பலத்த அடிபட்டால் பல ஆண்டுகள் கழித்தும் நகரக்கூடும். பி.ஆர்.கே.யில் மேல்தோலை மட்டும் நீக்குவதால் மடல் என்பதே இல்லை. அதற்குப் பதில் சில நாள் கடும் எரிச்சல், வாரக்கணக்கில் மங்கல், மாதக்கணக்கில் சொட்டு மருந்து ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவசரம் இல்லாத, போர் விமானத்தைக் குறிவைக்கும் ஒருவருக்கு பி.ஆர்.கே.யே பொருத்தம் என்பது என் கருத்து. புதிய முறைகளை யோசிப்பவர்கள், தாங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையில் அம்முறையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

கத்தியால் கருவிழியில் ஆரக்கால் போலக் கீறும் ரேடியல் கெரட்டாட்டமி என்ற பழைய முறைக்கு விமானப்படையில் முற்றிலும் தடை. அதன் காரணத்தை 1996-ஆம் ஆண்டு எவரெஸ்ட் விபத்து உலகுக்கே காட்டியது: அம்முறையில் சிகிச்சை பெற்றிருந்த அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸ், உயரத்தில் ஆக்சிஜன் குறைந்தபோது பார்வை மங்கி, மேலே ஏற முடியாமல் நின்றுவிட்டார்.

[திரையில்: நிறப்பார்வைச் சோதனைத் தட்டு]

லேசர் தொடாத தகுதிகளும் உண்டு. நிறக்குறைபாட்டை அது மாற்றாது, 162.5 சென்டிமீட்டர் உயரம் இல்லாதவரை விமானி ஆக்காது. விமானி தேர்வுக்கான கணினிச் சோதனையை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுத முடியும். அதில் தவறினால் கண் எவ்வளவு நன்றாக இருந்தும் பறக்கும் பிரிவு இல்லை. எனவே நிறப்பார்வை, உயரம், கால் நீளம் ஆகிய செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை செய்துகொண்டதை மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிளவு விளக்கு நுண்ணோக்கியின் கீழ் லாசிக் மடலின் விளிம்பு மெல்லிய பிறை போலத் தெரியும், பி.ஆர்.கே. செய்திருந்தாலும் கருவிழி வரைபடத்தில் நடுப்பகுதி தட்டையாக இருப்பது நிறத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். டெல்லியிலோ பெங்களூரிலோ நடக்கும் பரிசோதனைக்குப் போகும்போது, சிகிச்சைக்கு முந்தைய பவர், கண்ணின் நீளம், கருவிழித் தடிமன், செய்த முறை, செய்த தேதி ஆகியவை அடங்கிய மருத்துவமனைச் சான்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். குறிப்பாக, பழைய பவர் ஆறுக்கு உட்பட்டது என்பதற்கு அந்தக் காகிதம்தான் சான்று. சிகிச்சைக்குப் பின் கண்ணைச் சோதித்து அதைத் துல்லியமாகச் சொல்வது கடினம்.