படுவான்கரையில் இருந்து பிரசவத்துக்கு: எப்போது, எந்த வழியால்?

[காட்சி: மட்டக்களப்பு வாவியின் இரு கரையும் தெரியும் வரைபடம்]

வலி 5 நிமிடத்துக்கு ஒருதரம் வந்தால் வெளிக்கிடுங்கள் என்பார்கள். அது ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருப்பவர்களின் கணக்கு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர் 10 நிமிடத்துக்கு ஒருதரம் ஒழுங்காக வரும்போதே வெளிக்கிட வேண்டும். இரண்டாம், மூன்றாம் பிள்ளை என்றால் அதுவரைகூடப் பார்த்திருக்க வேண்டாம். கருப்பை வாய் கெதியாகத் திறக்கும்.

வழியை 36ஆவது வாரத்துக்குள் முடிவெடுங்கள். வவுணதீவுக்கு வலையிறவுப் பாலம், கொக்கட்டிச்சோலைக்கு மண்முனைப் பாலம், போரதீவுப் பக்கத்துக்குப் பட்டிருப்புப் பாலம். மண்டூரில் இருப்பவர்கள் இரவில் குருமண்வெளிப் பாதையை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகை) நம்பியிருக்கக் கூடாது. மார்கழி மழையில் பாலம் நிற்கும், பாலத்துக்குப் போகிற வீதிதான் தாழும். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் அதுவும் அதே வீதியால்தான் வரவேண்டும். மழை மாதங்களில் பிரசவத் திகதி உள்ளவர்கள் கடைசி இரண்டு கிழமையும் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் சொந்தக்காரர் வீட்டில் நிற்பது நல்லது.

[காட்சி: கிளினிக் கார்ட், கிட்டத்தில்]

சில அறிகுறிகளுக்கு வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. பன்னீர்க்குடம் உடைந்தால் நேரத்தைக் குறித்து, சுத்தமான பேட் வைத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் பச்சையாக இருந்தால் பிள்ளை உள்ளே மலம் கழித்திருக்கிறது. அதைப் போனதும் சொல்லுங்கள். இரத்தப் போக்கு, விடாத தலையிடி, கண் மங்கல், பிள்ளைத் துடிப்புக் குறைவு: இவற்றுக்கும் அப்படித்தான். பிறசர் 140/90ஐத் தாண்டி, தலையிடியும் இருந்தால் வலிப்பு வரலாம். சின்னப் பிரதேச வைத்தியசாலையில் சிசேரியன் செய்யத் தியேட்டர் இருக்காது. பதிந்து, பார்த்து, மாற்றி அனுப்புவதற்குள் நேரம் போய்விடும். அதனால் எந்த அறிகுறிக்கு நேரே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போவது என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கார்ட்டை மறக்க வேண்டாம். இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

[காட்சி: பிரசவ அறை, திரை இழுத்த கட்டில்]

வார்டில் பெண்களுக்கு அதிகம் வதையாவது வலி மட்டுமல்ல, என்ன நடக்கிறதென்று ஒருவரும் சொல்லாததும்தான். உள்ளே கைவைத்துப் பார்த்த பிறகு “எத்தனை சென்ரிமீற்றர், மிஸ்?” என்று கேளுங்கள், 10 என்றால் முழுதாகத் திறந்துவிட்டது. திரையை இழுத்துவிடச் சொல்லலாம். துணைக்கு ஒரு பெண் நிற்க விடுவார்களா என்பதைக் கிளினிக்கிலேயே கேளுங்கள், அது இடத்துக்கு இடம் மாறும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால் உடனே திரும்பிப் போங்கள். முதல் 10 நாளில் மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பார்ப்பார். எழுவான்கரையில் நின்றால் அந்தப் பகுதி மிட்வைஃபுக்கு விலாசத்தைச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அவர் பூட்டிய வீட்டுக்குப் போய்த் திரும்புவார்.