பிளக் பாயிண்ட் மாற்றினால் பாட்டு இனிக்குமா? உப்புக்காற்று வீட்டுக் கணக்கு

வணக்கம், பாம்பன் தெற்குவாடியிலிருந்து பேசுகிறேன். காற்றுச் சத்தம் கேட்கும், ஜன்னலைச் சாத்திவிட்டேன், அப்படியும் வருகிறது. முதலில் இதைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். போன வீடியோவில் ஆம்பிளிஃபயர் கொரகொரவென்று இழுத்ததே, அதற்குக் காரணம் இந்தப் பழைய பிளக் பாயிண்ட்தான். உள்ளே பித்தளை முழுக்கப் பச்சைக் களிம்பு. நியூட்ரல் ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறிவிட்டது. வைத்து 4 வருடம்தான் ஆகிறது.

அந்த வீடியோவுக்குக் கீழே ஒரே லிங்கைப் பல பேர் அனுப்பினீர்கள். அமெரிக்க சாக்கெட், ஆஸ்பத்திரித் தரமாம், மாற்றினால் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்குமாம். கூரியரோடு விலை 14,000 ரூபாய். எனக்குக் கோபம்தான் வந்தது. அது 125 வோல்ட்டுக்குச் செய்த பொருள். அங்கே 120 வோல்ட், 60 சைக்கிள். நமக்கு 230, 50. நம் பிளக்கின் உருண்டை முள் அதில் நுழையவே நுழையாது. ஆஸ்பத்திரித் தரம் என்றால் பிளக்கை இறுக்கிப் பிடிக்கும், இழுபட்டாலும் லேசில் கழன்று வராது. நல்ல குணம்தான், ஆனால் அது பாட்டுக்காகச் செய்ததில்லை.

நான் வாங்கியது ராமநாதபுரத்தில், சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட், 210 ரூபாய். 240 சொன்னார், கேட்டுக் குறைத்தேன்.

மாட்டுவதுதான் பெரும் பாடு. பழைய பெட்டியின் கீழ் ஸ்குரூ துருவேறி இரும்போடு இரும்பாகிவிட்டது. மண்ணெண்ணெய் விட்டேன், தேங்காய் எண்ணெய் விட்டேன், இரண்டு நாள் அசையவில்லை. தலையும் தேய்ந்துவிட்டது. அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார், விசைப்படகு எஞ்சின் பார்ப்பவர். "தம்பி, முதல்ல சூடு காட்டு, அப்புறம் டீசல் ஒரு சொட்டு" என்றார். அந்த அறைக்குக் கரண்டை நிறுத்தும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, அடுத்த அறையிலிருந்து வயர் இழுத்து, சால்டரிங் அயர்னை ஸ்குரூ தலையில் 5 நிமிடம் வைத்தேன். டீசல் தொட்டேன். ரம்பத்தால் புதிதாகக் கோடு கீறித் திருப்பினேன். கால் சுற்று வந்தது! அந்த 'கிறீச்' சத்தம் எந்தப் பாட்டைவிடவும் இனிமையாக இருந்தது. புதுப் பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, தனிப் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அதே உப்புக்காற்றுதானே என் வீட்டுக்குள்ளும் வருகிறது. அதனால் இந்த முறை பிவிசி பெட்டி, பித்தளை ஸ்குரூ.

சரி, புதுச் சாக்கெட்டால் பாட்டு மாறியதா? முதலில் மீட்டர் சொன்னதைச் சொல்கிறேன். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை மாட்டினேன், 4 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். பழைய பாயிண்டில் 226 வோல்ட் 220 ஆக இறங்கியது. புதியதில் 222. இரண்டுக்கும் வித்தியாசம் 2 வோல்ட், அதனால் அந்தக் களிம்பிலேயே எட்டு வாட் சூடாகத் தங்குகிறது. பிளாஸ்டிக் பழுத்தது அதனால்தான். ஆனால் என் ஆம்பிளிஃபயர் நன்றாகச் சத்தமாக வைத்தாலும் அரை ஆம்பியரைத் தாண்டாது. அதற்கு இழப்பு கால் வோல்ட்கூட இல்லை. எங்கள் தெருவில் சாயங்காலம் 210, விடியற்காலை 238. இதில் கால் வோல்ட்டை யார் காது கண்டுபிடிக்கும்? உள்ளே டிரான்ஸ்பார்மர், டயோடு, பெரிய கெப்பாசிட்டர் எல்லாம் தாண்டித்தான் கரண்ட் பாட்டாகிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். பழைய சாக்கெட்டைச் சுரண்டி, இறுக்கி, புதியதன் பக்கத்திலேயே மாட்டினேன். அக்கா மகன் நான் பார்க்காமல் மாற்றி மாற்றிச் செருகினான். அதே நாதஸ்வரம், அதே சத்தம், பத்து முறை. நான் சரியாகச் சொன்னது நான்கு. சுரண்டியதும் பழையதிலும் கொரகொர நின்றுவிட்டது. பிடி தளர்ந்து உள்ளே சின்னச் சின்னப் பொறி தட்டியதுதான் அந்தச் சத்தம்.

ஐயோ, எர்த்தை மறந்துவிட்டேன், அதுதான் முக்கியம்! ஆம்பிளிஃபயர் மேல் புறங்கையை வைத்தால் சுருசுருவென்று கரண்ட் ஏறும். புதுச் சாக்கெட் போட்டும் அது போகவில்லை, அடியில் 'ங்ங்' என்ற இரைச்சலும் போகவில்லை. கொல்லையில் போய்ப் பார்த்தால் எர்த் குழாயின் கிளாம்ப் உப்பில் அரித்து வயர் தனியே தொங்குகிறது. டிவி பெட்டியிலிருந்து கசியும் கொஞ்சம் கரண்ட் இறங்க வழியில்லாமல் கேபிள் வழியே ஆம்பிளிஃபயருக்கு வந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதுக் கிளாம்ப், செம்பு வயர் போட்டோம். கூலியோடு 650. சுருசுருப்பு போயே போய்விட்டது. இரைச்சலுக்கு ஸ்பீக்கரில் காதை ஒட்ட வேண்டியிருக்கிறது.

அந்த 14,000-ஐ வைத்திருப்பவர்கள் முதலில் கொல்லைக்குப் போய் எர்த்தைப் பாருங்கள். இப்போது அந்த நாதஸ்வரத்தையே போடுகிறேன். ஜன்னலையும் திறந்துவிடுகிறேன், புழுக்கம் தாங்கவில்லை.